வன்னிப் புழுதியில் லப்டொப் திரையைக் காப்பது எப்படி?

முதல் லப்டொப் வீட்டுக்கு வந்த கையோடு அதன் திரையைச் சாரத் தலைப்பாலோ சேர்ட் கையாலோ ஒரு தரம் துடைத்துப் பார்க்காதவர் எங்கள் பக்கம் அபூர்வம். பழைய ரீவி காலத்துப் பழக்கம் அது. அந்த ரீவிகளின் முன்பக்கம் தடித்த கண்ணாடி. ஈரத் துணி, பத்திரிகைத் தாள், சவர்க்காரத் தண்ணீர் என எதைப் போட்டாலும் தாங்கியது. லப்டொப் திரைக்கு அந்தத் தாங்கும் சக்தி இல்லை. அறிவியல் நகருக்கோ பம்பைமடுவுக்கோ கம்பஸ் போகிற பிள்ளைக்கு லப்டொப் வாங்கிக் கொடுத்த வீடுகளில், ஒரு வருடம் போனதும் திரையை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பாருங்கள். வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள் தெரியும். அவை கீழே விழுந்து வந்தவை அல்ல, துடைத்து வந்தவை.

ஆகவே இந்தக் கட்டுரை முழுக்க ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றிச் சொல்லும்: இங்கே திரையின் முதல் எதிரி மண். அதை எடுத்த பிறகே துணி திரையில் படவேண்டும்.

விரல் தொடும் இடம் எது

பெரும்பாலான லப்டொப்களில் நாம் தொடும் மேற்பரப்பு பிளாஸ்டிக். உள்ளே இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகள், அவற்றின் நடுவே திரவப் படிகம். முன்னாலும் பின்னாலும் போலரைசர் எனப்படும் தாள் ஒட்டியிருக்கும். முன்பக்கத் தாளின் வெளிப்புறத்தில், எதிர் வெளிச்சம் தெறிக்காமல் இருப்பதற்காக மிக நுண்ணிய சொரசொரப்புடன் ஒரு பூச்சு இருக்கும். இந்தத் தகடும் தாளும் சேர்ந்த திரைத் தொகுதியைப் பனல் என்பார்கள். பனல் தயாரிப்பாளர்களின் விவரத் தாள்களில் இந்தப் பூச்சின் கடினத்தன்மையைப் பெரும்பாலும் 3எச் என்று போட்டிருப்பார்கள். பென்சிலை வைத்துக் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு அது. பென்சிலைத் தாங்கும், சரி. ஆனால் கிரவல் ரோட்டுப் புழுதியில் இருப்பது குவார்ட்ஸ் மணல். கனிமங்களின் கடினத்தை ஒப்பிடும் மோஸ் அளவில் அதன் கடினத்தன்மை 7. சாதாரணக் கண்ணாடியே 5.5 அளவில்தான் நிற்கிறது. பிளாஸ்டிக் பூச்சு எந்த மூலைக்கு?

உங்களிடம் இருப்பது எந்த வகைத் திரை என்று முதலில் பாருங்கள். லப்டொப்பை நிறுத்திவிட்டு, யன்னலுக்கு எதிரே பிடியுங்கள். முகம் கண்ணாடியில் போலத் தெளிவாகத் தெரிந்தால் பளபளப்புத் திரை. முகம் மங்கி, வெளிச்சம் மட்டும் பரவலாகத் தெரிந்தால் மங்கல் திரை. தொடுதிரை என்றால் மேலே பெரும்பாலும் கண்ணாடிதான் இருக்கும், அதில் விரல் எண்ணெய் ஒட்டாமல் இருக்க ஒரு பூச்சும் இருக்கும். கண்ணாடித் திரை கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், ஆனால் அதன் பூச்சும் தேயும். மங்கல் திரையில் ஒரே இடத்தை அழுத்தித் தேய்த்தால் அந்த நுண்ணிய சொரசொரப்பு மழுங்கி, அந்த இடம் மட்டும் நிரந்தரமாகப் பளபளக்கும். அழுக்கு என்று நினைத்து மேலும் தேய்ப்பார்கள். அது இன்னும் பளபளக்கும்.

என்னென்ன தேவை

மைக்ரோஃபைபர் துணி இரண்டு. ஒன்று உலர்வாகத் துடைக்க, மற்றது ஈரத்துக்கு. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடியோடு தருகிற சின்னத் துணியே நல்லது, வீட்டில் எங்காவது ஒன்று கிடக்கும். அது கிடைக்காவிட்டால், பல முறை தோய்த்து மென்மையான வெள்ளைப் பருத்திப் பெனியனைத் தையலும் லேபிளும் இல்லாத பகுதியாகப் பார்த்து வெட்டி எடுங்கள். பொலியெஸ்டர் கலந்த சேர்ட், துவாய், ரிசு, பத்திரிகைத் தாள் வேண்டாம். ரிசு மென்மையாகத் தெரிந்தாலும் அது மரநார், போதாதற்குத் திரையெங்கும் தும்பும் விடும்.

ஒரு மென்மையான பிரஷ். படம் வரைகிற வோட்டர் கலர் பிரஷ்களில் அகலமானதாக, புதிதாக வாங்குங்கள். பெயின்ற் பட்டுக் காய்ந்த பிரஷ்ஷைக் கழுவிப் பயன்படுத்தாதீர்கள், மயிரின் நுனியில் காய்ந்த துணுக்கு இருக்கும். கமராச் சாமான் விற்கும் கடைகளில் கையால் அமுக்கி ஊதும் ரப்பர் பந்து கிடைத்தால் அதையும் வாங்கி வையுங்கள். மிகவும் உதவும்.

அடுத்தது தண்ணீர். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீரும் குழாய்க்கிணற்றுத் தண்ணீரும் பல இடங்களில் வன் தண்ணீர். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்புகள் திரையிலும் படியும். துடைத்துக் காய்ந்ததும் வெள்ளைத் திட்டும் கோடும் தெரிகின்றன என்று சிலர் முறையிடுவது இதனால்தான். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்கவேண்டாம். ஒரு பகுதி உப்புதான் அப்படிப் படிந்து பிரியும், மிச்சம் தண்ணீரிலேயே இருக்கும். வடித்த தண்ணீர் கிடைத்தால் அதுதான் சிறந்தது. எண்ணெய் செற்றிலும் மோட்டார் உதிரிப்பாகக் கடையிலும் பற்றரிக்கு ஊற்றும் தண்ணீர் என்று போத்தலில் விற்பார்கள். வாங்கும்போது லேபிளைக் கவனமாகப் படியுங்கள். அதே தட்டில் பற்றரி அசிட்டும் இருக்கலாம். அது கந்தக அமிலம், திரையை மட்டுமல்ல, கையையும் கண்ணையும் கெடுக்கும். ஊரில் சுத்திகரித்த குடிதண்ணீர் விற்கும் ஆர்ஓ நிலையம் இருந்தால் அந்தத் தண்ணீரும் போதும். மாரியில் இன்னொரு வழியும் உண்டு. மழை பிடித்து அரை மணித்தியாலம் போன பிறகு, திறந்த முற்றத்தில் சுத்தமான பாத்திரத்தை வைத்து நேரே வானத்திலிருந்து விழும் தண்ணீரைப் பிடியுங்கள். கூரையில் இருந்து வடிவதைப் பிடித்தால் இலைச்சாறும் தூசியும் சேர்ந்துதான் வரும்.

அந்தத் தண்ணீரை ஒரு சின்ன ஸ்பிரே போத்தலில் விட்டு, வேறு யாரும் எடுத்துக் குடிக்காதபடி பெயர் ஒட்டி வையுங்கள்.

துடைக்கும் முறை

முதலில் லப்டொப்பை முழுதாக நிறுத்துங்கள். மூடி உறங்க வைப்பது போதாது. சார்ஜர் வயரைக் கழற்றுங்கள். நிறுத்திய உடனே தொடங்காமல் கொஞ்சம் ஆற விடுங்கள். சூடான திரையில் ஈரம் சட்டென்று காய்ந்து கோடு விழும். கறுத்த திரையில்தான் அழுக்கு தெரியும் என்பதும் நிறுத்துவதற்கு இன்னொரு காரணம். போன் டோர்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எங்கே மண், எங்கே எண்ணெய், எங்கே நீர்த்துளி காய்ந்த அடையாளம் என்று எல்லாம் பிரித்துத் தெரியும்.

இடத்தையும் பாருங்கள். சோளகம் அடிக்கும் வைகாசி ஆனியில், ரோட்டுப் பக்க விறாந்தையில் இருந்து துடைப்பதில் பயனில்லை. துடைத்து முடிப்பதற்குள் புதுப் புழுதி வந்துவிடும். உள்ளறைக்குப் போய், மின்விசிறியை நிறுத்தி, மேசையில் ஒரு சுத்தமான துணியை விரித்து வேலையைத் தொடங்குங்கள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி நன்றாக உலர்த்துங்கள். மோதிரம், கைச்சங்கிலி போட்டிருந்தால் கழற்றி வையுங்கள்.

இனி மண் எடுக்கும் வேலை. மூடியைச் செங்குத்தாகத் திறந்து, கொஞ்சம் முன்பக்கம் சாய்ந்தாற்போல் பிடியுங்கள், அப்போது விழும் தூசி திரையிலேயே தங்காது. ரப்பர் பந்தால் மேலிருந்து கீழாக ஊதுங்கள். பிறகு பிரஷ்ஷின் நுனி மட்டும் படும்படி, பாரமே கொடுக்காமல், மேலிருந்து கீழாக ஒரே திசையில் இழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் பிரஷ்ஷைத் தட்டுங்கள். திரையைச் சுற்றியுள்ள சட்டத்தின் உள்விளிம்பில்தான் மண் அதிகம் ஒளிந்திருக்கும், நான்கு மூலைகளையும் விட்டுவிடாதீர்கள். இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டால் அடுத்துவரும் துணி சாண்ட் பேப்பர் ஆகிவிடும். எனக்குத் தெரிந்தவரை பாதிப் பேருக்கு இதோடு வேலை முடிந்துவிடும். திரை சுத்தமாகத் தெரிகிறதா? அப்படியென்றால் துணியை எடுக்கவே வேண்டாம்.

வாயால் ஊதவேண்டாம். எச்சில் துளி போய்ப் படும், அதற்கு இன்னொரு துடைப்பு. ரயர் ஒட்டும் கடைக்குக் கொண்டுபோய்க் கொம்பிரசர் காற்றால் அடிப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தக் காற்றில் தாங்கியில் தேங்கிய தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும். வேகமும் மிக அதிகம், மண்ணைச் சட்டத்தின் இடுக்குக்குள் தள்ளிவிடும்.

விரல் அடையாளம் இன்னும் இருந்தால் உலர்ந்த துணி. நான்காக மடித்து, விரல் நுனியால் அழுத்தாமல் உள்ளங்கை முழுவதும் படும்படி மெதுவாக, மேலிருந்து கீழாகவோ இடமிருந்து வலமாகவோ நேர்கோட்டில் இழுங்கள். வட்டமாகச் சுழற்றாதீர்கள். துணிக்குள் தப்பியிருந்த ஒரு மண் துகள் நேர்கோட்டில் போனால் ஒரு சின்னக் கோட்டோடு போய்விடும், வட்டத்தில் அதே துகள் திரும்பத் திரும்பச் சுற்றும். இரண்டு மூன்று இழுப்புக்கு ஒரு முறை துணியின் புதுப்பக்கத்தைத் திருப்புங்கள். மற்றக் கையால் மூடியின் பின்புறத்தைத் தாங்கிப் பிடியுங்கள், இல்லாவிட்டால் முழுப் பாரமும் கீல் மீது இறங்கும்.

அப்போதும் போகாவிட்டால் ஈரம். துணியில் ஒரு முறை, அதிகம் போனால் இரண்டு முறை ஸ்பிரே அடியுங்கள். திரையில் நேரே அடிக்கவே கூடாது. துணியைப் புறங்கையில் வைத்துப் பாருங்கள். குளிர்ச்சி தெரியவேண்டும், ஆனால் தோல் நனையக்கூடாது. நேரே அடித்தால் என்ன நடக்கும் என்றால், துளி வழிந்து கீழ்விளிம்புக்கு இறங்கும். பெரும்பாலான பனல்களில் படத்தை வரிவரியாகச் செலுத்தும் மின்சுற்றும் அதன் மெல்லிய இணைப்புகளும் அந்தக் கீழ்விளிம்பில்தான் இருக்கின்றன. உள்ளே போன ஒரு துளி நிலைக்குத்துக் கோடுகளாக வெளியே தெரியும், பிறகு பனல் மாற்றவேண்டியதுதான்.

ஈரத் துணியால் துடைத்த உடனே உலர்ந்த துணியால் ஒரு முறை இழுங்கள். விளிம்புகளுக்குக் கடைசியில், கிட்டத்தட்டக் காய்ந்துவிட்ட துணியோடு போங்கள். எல்லாம் முடிந்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் திறந்தபடியே விடுங்கள். ஐப்பசி கார்த்திகை மழைக் காலத்தில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக விடுங்கள்.

விசைப்பலகையையும் அன்றைக்கே துடையுங்கள். திரையில் சதுரம் சதுரமாக மங்கிய அடையாளம் தெரிகிறதா? அது விசைகளில் உள்ள கை எண்ணெய், மூடும்போது திரைக்கு ஏறியது. விசைகளைச் சுத்தம் செய்யாமல் திரையை மட்டும் துடைத்தால் நாளைக்கே திரும்பி வரும்.

போக மறுக்கும் கறைகள்

தேத்தண்ணித் துளி, பல்லி எச்சம், நசுங்கிய நுளம்பு, இவற்றை நகத்தாலோ பேனை நுனியாலோ சுரண்டக்கூடாது. ஈரத் துணியை மடித்துக் கறையின் மேல் அழுத்தாமல் அரை நிமிடம் வைத்திருங்கள். ஊறட்டும். பிறகு மெதுவாக ஒரு பக்கமாக எடுங்கள். போகாவிட்டால் திரும்ப ஊற விடுங்கள். காய்ந்த பல்லி எச்சத்துக்கு நாலைந்து தரம் வேண்டியிருக்கும், பொறுமைதான் மருந்து.

எண்ணெய்ப் பிசுக்குக்குத் தண்ணீர் மட்டும் போதாது. அதற்கு ஐசோபுரொப்பைல் அல்கஹோல் நல்லது. தயாரிப்பாளர்கள் எல்லாரும் இதில் ஒரே சொல் சொல்வதில்லை. திங்பாட் வகை லப்டொப்களின் கையேடுகளில் நெடுங்காலமாக வடித்த தண்ணீரும் ஐசோபுரொப்பைலும் சரிபாதியாகக் கலந்தது என்று எழுதியிருந்தார்கள். வேறு சில கையேடுகள் தண்ணீரைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்கின்றன. உங்கள் மொடலின் கையேட்டைப் போனிலேயே தேடிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அனுமதி இருந்தாலும் துணியில்தான் விடவேண்டும், அதுவும் கறை உள்ள இடத்துக்கு மட்டும். பாமசியில் ஸ்பிரிட் கேட்டால் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டைத் தரக்கூடும். அதில் ஆமணக்கெண்ணெய் போன்றவை கலந்திருப்பது உண்டு, புண்ணுக்குச் சரி, திரையில் படலம் விடும். கை சுத்திகரிக்கும் ஜெல்லும் அப்படித்தான், அதில் கிளிசரின் இருக்கும்.

நகப்பூச்சு அகற்றும் அசிற்றோனை அந்த அறைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். போலரைசர் தாளின் பிளாஸ்டிக்கை அது கரைக்கும். கண்ணாடி துடைக்கும் நீலத் திரவங்களில் அமோனியா இருக்கலாம், அதுவும் பூச்சை அரிக்கும். வினாகிரி, பாத்திரம் கழுவும் திரவம், பெற்றோல், மண்ணெண்ணெய், எலுமிச்சம்புளி எதுவும் வேண்டாம். கீறலுக்குப் பற்பசை பூசினால் மறைந்துவிடும் என்று ஒரு கதை உலாவுகிறது. பற்பசையில் இருப்பதே தேய்க்கும் பொடி. ஒரு கீறலுக்குப் பதிலாக ஒரு மங்கல் வட்டம் கிடைக்கும். குத்துவிளக்கைத் திருநீறு போட்டு மினுக்கிய கைகளுக்கு இந்த யோசனை நியாயமாகத்தான் தெரியும், ஆனால் குத்துவிளக்கு பித்தளை.

நுளம்புக்குப் பூசும் சில கிறீம்களில் டீட் என்ற மருந்து இருக்கும். அது பல வகைப் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். பூசிய கையோடு திரையையோ விசைப்பலகையையோ தொடாதீர்கள்.

துணியைத் தோய்க்கும் விதமும் முக்கியம். கொஞ்சம் சவர்க்காரம் போட்டுக் கையால் அலசி, நுரை போகும்வரை பிழிந்து, வீட்டுக்குள் நிழலில் காயப்போடுங்கள். வேலியில் போட்டால் ரோட்டுப் புழுதி முழுவதும் அதில்தான். உடுப்புக்கு வாசனைக்காகப் போடும் மென்மையாக்கும் திரவம் இந்தத் துணிக்கு ஆகாது, அதன் மெழுகுத்தன்மை நார்களை மூடி, அடுத்த முறை திரையில் படலமாக இழுபடும். காய்ந்ததை மடித்து மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். நிலத்தில் விழுந்த துணியை உதறிவிட்டு அப்படியே பயன்படுத்தாதீர்கள்.

வெளிச்சத்துக்கு வரும் பூச்சிகள்

இதைப் பற்றி நகரத்து வழிகாட்டிகள் எழுதுவதில்லை. வயலில் பயிர் நிற்கும் காலத்தில், இரவில் விளக்கை அணைத்துவிட்டு லப்டொப்பில் இருந்தால், அறக்கொட்டியும் பச்சைத் தத்தியும் மழைக்குப் பின் ஈசலும் நேரே திரைக்குத்தான் வரும். கை தன்னால் எழும்பி அடிக்கும். அடிக்கவேண்டாம். நசுங்கிய பூச்சி கறை, அடித்த விரல் அழுத்தம். மெதுவாக ஊதிவிடும் ரப்பர் பந்தைப் பக்கத்தில் வைத்திருங்கள்.

அதைவிடச் சின்னப் பூச்சிகள், ஊசிமுனை அளவில் இருப்பவை, சட்டத்தின் இடுக்கு வழியாகப் பனலுக்குள்ளேயே போய்விடும். திரையில் ஒரு கறுப்புப் புள்ளி நகர்ந்தால் அதுதான். தயவுசெய்து அழுத்தாதீர்கள். உயிரோடு இருந்தால் அது வெளியே வரலாம். நசுங்கிச் செத்தால் படத்துக்கு நடுவே நிரந்தரப் புள்ளியாக நிற்கும், பனலைப் பிரித்தால்தான் எடுக்கலாம், பிரிப்பதே இன்னொரு ஆபத்து. லப்டொப்பை நிறுத்தி, அறையை இருட்டாக்கி, ஒரு முழம் தள்ளி ஒரு மேசை விளக்கை எரியவிடுங்கள். பல தடவை பூச்சி அந்த வெளிச்சத்தைத் தேடி வந்துவிடும்.

வராமல் தடுக்க: அறை விளக்கைப் போட்டு, திரையின் வெளிச்சத்தைக் குறைத்து, யன்னலுக்கு வலை அடியுங்கள். நுளம்பு வலைக்குள் இருந்து படிப்பவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. ஆனால் மெத்தையில் நேரே வைக்காமல் கீழே ஒரு பலகை வையுங்கள், காற்றுத் துவாரம் அடைபடும். நுளம்புத்திரியைத் திரைக்கு நேர் கீழே கொளுத்தி வைப்பதும் நல்லதல்ல, புகை நாள்போக்கில் பிசுக்காகப் படியும்.

கொண்டுபோகும்போது

திரை உடைவது பெரும்பாலும் பைக்குள் நடக்கிறது. புதுக்குடியிருப்பில் இருந்தோ ஒட்டுசுட்டானில் இருந்தோ பஸ்ஸில் வருகிற மாணவரின் பையில் லப்டொப், கொப்பிகள், தண்ணீர்ப் போத்தல், சோத்துப் பார்சல் எல்லாம் ஒன்றாகத்தான் இருக்கும். நெரிசலில் ஒருவர் சாய்ந்தால் போத்தலின் மூடி லப்டொப் மூடியில் ஒரே புள்ளியாக அழுத்தும். அந்த மூடி மெல்லிய பிளாஸ்டிக், அதற்கு உடனே பின்னால் பனல். வெளியே கீறல்கூட இருக்காது, திறந்தால் உள்ளே சிலந்திவலை போல வெடிப்பு.

லப்டொப்புக்குத் தனி உறை வாங்குங்கள். பைக்குள் முதுகுப்பக்க அறையில், மூடிப் பக்கம் ஒரு தட்டையான பெரிய கொப்பியைப் பார்த்தபடி வையுங்கள். போத்தல் வெளிப்பொக்கற்றில். சார்ஜரின் கட்டி மூடியின் மேல் படாத இடத்தில். சோத்துப் பார்சல் வேறு பையில், சம்பல் எண்ணெய் கசியாத பார்சல் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. பஸ்ஸில் மேல்தட்டில் போடாமல் மடியில் வையுங்கள். மோட்டார் சைக்கிளில் பெற்றோல் தாங்கியின் மேல் படுக்க வைத்து நெஞ்சால் அணைத்து ஓட்டுவதையும், பின் கரியரில் ரப்பர் பட்டியால் இறுக்கிக் கட்டுவதையும் விட்டுவிடுங்கள். முதுகில் போடுங்கள். ஏ9 பெருவீதி பரவாயில்லை, உள்ளே இறங்கும் கிரவல் ரோட்டில் ஒவ்வொரு குழியும் பட்டி கட்டிய இடத்தில்தான் இடிக்கும். மழைக்குப் பைக்குள் ஒரு பெரிய சொப்பிங் பாக்கை மடித்து வையுங்கள், ஆனால் வீட்டுக்கு வந்ததும் அதிலிருந்து எடுத்துவிடுங்கள். ஈரத்தோடு மூடிக் கட்டிய பையில் நீராவி தங்கும்.

மூடுவதற்கு முன் விசைப்பலகையை ஒரு பார்வை பாருங்கள். பேனை, பென்டிரைவ், இயர்போன் என ஒன்று அங்கே கிடந்தால் மூடும் வேகமே பனலை உடைக்கப் போதும். மூடியை மூலையில் பிடித்துத் திறக்காமல் நடுவில் பிடித்துத் திறங்கள். கமராவுக்கு ஒட்டும் தள்ளு மூடிகளும் பிரச்சினைதான். இப்போதைய லப்டொப்களில் திரைக்கும் விசைப்பலகைக்கும் இடையே இடமே இல்லை. கமரா மூடி சாதாரண அச்சுத் தாளின் தடிப்பை, அதாவது 0.1 மில்லிமீற்றரை, மிஞ்சக்கூடாது என்று அப்பிள் தன் மடிக்கணினிகளுக்குச் சொல்லியிருக்கிறது. மூடவேண்டும் என்றால் ஒரு துண்டுக் காகிதப் பட்டி ஒட்டுங்கள்.

வெப்பத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பல லப்டொப்களுக்கு இயங்கும் சூழல் வெப்பநிலையின் உச்சம் 35 பாகை செல்சியஸ் என்று போட்டிருக்கும். சித்திரையில் தகரக் கூரைக்குக் கீழே அதை எளிதாகத் தாண்டும். நிறுத்திய வாகனத்துக்குள் இன்னும் மோசம். வெயிலில் சூடேறிய திரையில் கறுப்புத் திட்டுத் தோன்றினால் பயப்படாதீர்கள், நிறுத்தி நிழலில் ஆறவிட்டால் பெரும்பாலும் மறைந்துவிடும். தொடர்ந்து நடந்தால் மறையாது.

மேலே ஒட்டும் தாள் வேண்டுமா

பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம் என்பதே என் எண்ணம். போனுக்கு ஒட்டுவது போலத் தடித்த கண்ணாடியை லப்டொப்பில் ஒட்டினால் மூடி சரியாக மூடாது, அழுத்தம் பனலில் இறங்கும். மெல்லிய தாள் ஒட்டினால் எங்கள் புழுதியில் அதற்குள் மண் சிக்காமல் ஒட்டுவது பெரும் பாடு. சின்னப் பிள்ளைகள் தொடும் தொடுதிரை, அல்லது வெளிக்கள வேலைக்குக் கொண்டுபோகிற லப்டொப் என்றால் மெல்லிய மங்கல் தாள் ஒட்டலாம். கழற்றும்போது மூலையில் இருந்து மிக மெதுவாக உரியுங்கள். புதிதாக வந்த லப்டொப்பில் கடையில் இருந்தே ஒரு பிளாஸ்டிக் தாள் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். கதிரை, ரிமோட், குளிர்சாதனப் பெட்டி எல்லாவற்றிலும் பொலித்தீனை வருடக்கணக்கில் வைத்திருப்பது நம் வழக்கம். திரையில் அந்தத் தாள் இருந்தால் ஓரத்தில் தூசி சேர்ந்து அதற்கடியில் தேயும், பசையும் காய்ந்து ஒட்டிக்கொள்ளும்.

தண்ணீர் உள்ளே போனால், உடைந்தால்

தண்ணீர் பட்டது தெரிந்த உடனே நிறுத்துங்கள், வயரைக் கழற்றுங்கள். காற்றோட்டமுள்ள நிழலில் குறைந்தது ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் விடுங்கள். வெயிலில் வைப்பதோ தலைமயிர் உலர்த்தும் கருவியால் சூடு காட்டுவதோ பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். அரிசி மூட்டைக்குள் புதைப்பதால் பயன் இல்லை, தவிட்டுத் தூள்தான் துவாரங்களுக்குள் போகும். தேத்தண்ணியோ சோடாவோ கொட்டியிருந்தால் காய்வது மட்டும் போதாது, சீனி உள்ளேயே இருக்கும். திருத்துநரிடம் திறந்து காட்டுங்கள்.

பனல் உடைந்துவிட்டால் மாற்றலாம். திருத்துநரிடம் பழைய பனலைக் கழற்றி அதன் முதுகில் ஒட்டியுள்ள மொடல் இலக்கத்தைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். 15.6 அங்குலம் என்று மட்டும் சொன்னால் போதாது. அதே அளவில் வயர் பூட்டும் இடத்தில் 30 ஊசி (பின்), 40 ஊசி உள்ளவை இருக்கின்றன, திருகாணி பூட்டும் காது உள்ளவை, இல்லாதவை இருக்கின்றன, தெளிவும் வேறுபடும். இலக்கத்தை அனுப்பினால்தான் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இருந்து சரியானது வரும். புதுப் பனல் பூட்டியதும், காசு கொடுக்க முன்னர், முழு வெள்ளை, முழுக் கறுப்பு, முழுச் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு படமாகத் திறந்து எரியாத புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் மூடியை மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். படம் துடித்தால் வயர் சரியாகப் பூட்டவில்லை, அங்கேயே திரும்பத் திறந்து சரி செய்யச் சொல்லுங்கள்.